கண்ணி ஒன்று, ஆள் ஒன்று

பட்டறையில் அவளைக் கண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் கேட்டில் காட்டுகிற அட்டையில் இருந்தது. அதைப் படிக்க வேண்டியவர் காவலாளி ஒருவர்தான், அவரும் போட்டோவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டி விடுவார். யுத்தம் வந்து மூன்று வருஷத்தில் அவளே யாராவது பெயர் கேட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் சொன்னாள்.

கண்ணி என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. படையாட்களை ஏற்றிக்கொண்டு சேற்றிலும் மேட்டிலும் போகிற வண்டிகளுக்கு டயர் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி ஓடும். உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அகலத்தில் ஒரு துண்டு, அதுதான் கண்ணி. ஒரு பக்கத்துக்கு நூற்று நாலு கண்ணி. ஒன்றையும் அடுத்ததையும் கோத்துப் பிடிப்பது ஒரு பின். ஓட ஓடப் பின் தேயும், சங்கிலி நீளும், தொளதொளவென்று தொங்கும். அப்படியே விட்டால் எங்கேயாவது ஆபத்தான இடத்தில் கழன்று விழுந்துவிடும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், உள்ளே இருப்பவர்கள் கதி அதோகதிதான். தேய்ந்த பின்னைத் தட்டி எடுப்பது, விரிசல் விட்ட கண்ணியைக் கண்டுபிடித்து மாற்றுவது, மறுபடி கோப்பது. இதுதான் அவளுடைய பகுதியின் வேலை. அவளோடு ஐந்து பெண்கள். எல்லோரும் யுத்தத்துக்கு முன்பு வேறு ஏதோ செய்துகொண்டிருந்தவர்கள்.

அவள் கைப்பை தைக்கிற கம்பெனியில் ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு எடுத்த அன்று ஃபோர்மேன் கேட்டார், "ஜிப் வைக்கத் தெரியுமா? இதுவும் ஜிப்தாம்மா. கொஞ்சம் கனமா இருக்கும், அவ்வளவுதான்." கொஞ்சம் என்று அவர் சொன்ன கண்ணி ஒன்றின் எடை ஒன்பது கிலோ. ஃபோர்மேனுக்குச் சத்தம் என்று பட்டப்பெயர். முப்பது வருஷம் சுத்தியல் சத்தத்தில் நின்று காது போய்விட்டது, அதனால் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அவர் ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கும். நல்ல மனுஷன். ஆனால் அவர் வாயில் ரகசியம் தங்கியது என்று யாரும் சொல்ல முடியாது.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷத்தில் அவளுடைய வலது கை மரத்துப்போனது. பின்னைத் தட்டி எடுக்கிற காற்றுச் சுத்தியலின் அதிர்வு அது. முதலில் விரல் நுனி வெளுத்தது, பிறகு சுடு தண்ணீர் பட்டாலும் தெரியாமல் போனது. பகுதியில் எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால் யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைப் போடும்போது விரலைப் பார்த்துக்கொண்டே போட வேண்டும், அவ்வளவுதான்.

அவளுடைய வீட்டுக்காரர் அதே பட்டறையில் ஃபிட்டர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளைகள் இல்லை, அதற்காக இருவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதும் இல்லை. அதிகம் பேசமாட்டார். பேசுகிற நாலு வார்த்தையும் எதையாவது சரிபண்ணுவது பற்றித்தான் இருக்கும். யாராவது தப்பாக ஒரு சொல்லைச் சொன்னால் அதையும் ஒரு நட்டைப்போலத் திருகிச் சரிபண்ணாமல் விடமாட்டார். பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் இரண்டு வரி எழுதியிருந்ததும் அவருடைய வேலைதான்.

அந்த இரண்டு வரிக்கு ஒரு கதை இருக்கிறது. போர்முனையிலிருந்து பழுதான வண்டிகளை ரயிலில் ஏற்றி அனுப்புவார்கள். பட்டறையில் அதற்குத் தாய்வீட்டுக்கு வருவது என்று பெயர். வண்டி வந்து சேர ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால், என்ன பழுது என்று ஒரு சீட்டு முன்னாலேயே வந்துவிடும். இங்கே அதற்கான சாமான்களை எடுத்து வைத்துவிட்டால் வண்டி இறங்கிய உடனே வேலை தொடங்கலாம். யுத்தத்தின் முதல் வருஷம் ஒரு சீட்டில் பழுது என்ற இடத்தில் "கண்ணி" என்று எழுதியிருந்தது. இவர்களும் கண்ணும் கருத்துமாக மூன்று கண்ணியைத் துடைத்து, கிரீஸ் பூசி, பின்னோடு எடுத்து வைத்தார்கள். வந்து இறங்கிய வண்டிக்கு அடித்தளமே இல்லை. எழுதியவன் சிப்பாய். அவன் பாஷையில் கண்ணி என்றால் கண்ணிவெடி. சத்தம் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. மறுநாள் ஃபிட்டர் பெயிண்ட் டப்பாவோடு வந்து சுவரில் எழுதினார்: "கண்ணி என்றால் சங்கிலி. வெடித்தால் வெடி என்று எழுது."

"சுவத்துல எழுதி என்ன பிரயோஜனம்? அங்க இருக்கிறவன் வந்து படிப்பானா?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு நாள் நானே அங்க போய்ச் சொல்றேன்" என்றார் அவர்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் போன வருஷம் போர்முனைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பட்டறை போட்டார்கள், இங்கிருந்து ஆறு ஃபிட்டர்களைக் கேட்டார்கள், பட்டியலில் மூன்றாவது பெயர் அவருடையது. போகும்போது தட்டிப்பார்க்கிற சுத்தியலை எடுத்துக்கொண்டார். கண்ணியை அந்தச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் நல்லது ணங்கென்று சொல்லும், விரிசல் விட்டது டொக்கென்று சொல்லும். அவருடைய கைக்கு அதிர்வு ஏறக்கூடாது என்று அவள் தன்னுடைய பழைய நீலக் கட்டம் போட்ட புடவையைக் கிழித்துப் பிடியில் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தாள். சுற்றியவளுக்கே கையில் உணர்ச்சி இல்லை, அதனால் முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் இறுக்கினாள்.

அதன்பிறகு சீட்டெழுதும் வேலை அவருக்கு வந்தது. கடிதங்கள் மாதக்கணக்கில் வராது, வந்தாலும் பாதி வரியில் கறுப்பு மை பூசியிருக்கும். சீட்டு அப்படியில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலைத் தபாலில் ஒரு கட்டு வந்துவிடும், அத்தனையிலும் அவருடைய கையெழுத்து. வலது பக்கம் சாய்ந்த எழுத்து, புள்ளிகள் எல்லாம் குட்டிக் கோடுகள். கட்டங்கள் இந்தப் பட்டறையில் அச்சடித்தவைதான்: வண்டி எண், பழுது, எத்தனை, ஆள், குறிப்பு. இதில் ஆள் என்ற கட்டத்தை மட்டும் அவர் காலியாக விடுவார். வேலைக்கு எத்தனை பேர் வேண்டும், யார் யார் என்று இங்கே நிரப்புவதற்கான கட்டம் அது. குறிப்பு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் கைவரிசையைக் காட்டுவார். "பல்சக்கரம் பார்க்கவும். கையில் துணி சுற்றிக்கொள்ளவும்." சத்தம் அதைப் படித்துவிட்டு, "இது வண்டிக்குச் சொல்றானா, வீட்டுக்குச் சொல்றானா?" என்று பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி சந்தேகம் கேட்பார்.

வேலை முடிந்ததும் சீட்டின் நகல் ஒன்று போர்முனைக்குத் திரும்பும். அதன் குறிப்பில் அவள் எழுதுவாள்: "பல்சக்கரம் மாற்றியாயிற்று. துணி சுற்றியாயிற்று." துணியெல்லாம் சுற்றவில்லை. சுற்றினால் பின் பிடிக்க வராது. பொய்தான், ஆனால் அவ்வளவு தூரத்தில் இருக்கிறவருக்கு உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஆக, செவ்வாய்க்கிழமை அந்தச் சாய்ந்த எழுத்து வந்தால் அவர் போன வாரம்வரை உயிரோடு இருக்கிறார். அவளுக்குத் தெரிந்த செய்தி அது ஒன்றுதான். வீட்டில் அவருடைய அக்கா இருந்தார், இவளுக்கு அண்ணி. இவள் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே உள்ளேயிருந்து கேள்வி வரும், "சீட்டு வந்துச்சா?" "வந்துச்சு அண்ணி." அதற்குமேல் அந்த வீட்டில் யுத்தத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. ரேடியோவைக்கூட மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

முப்பத்து நான்காவது செவ்வாய் வந்த கட்டில் ஐந்து சீட்டு இருந்தது. நாலில் அவருடைய எழுத்து. ஐந்தாவதில் வேறு எழுத்து. நிமிர்ந்த, பெரிய எழுத்து, பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியது. பழுது: கண்ணி, இடது. எத்தனை: 1. ஆள்: 1. குறிப்பில் ஒன்றுமில்லை.

வேறு எழுத்தைப் பார்த்ததும் அவள் பயந்துபோய்ச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மற்ற நாலு சீட்டையும் மேலே எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒரே கட்டு, ஒரே நூல், ஒரே முத்திரை. நாலு எழுதினவர் ஐந்தாவதை யாரிடமாவது கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். எழுதினவன் புதுசு, ஆள் கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்று தெரியவில்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கோத்து முடித்தபோது பயம் அடங்கிவிட்டது. கோக்கிற வேலை அவளுக்குக் கைவந்தது.

"ஒரு கண்ணி மாத்த ஒரு ஆளாம். நமக்கே கணக்குச் சொல்லித் தர்றான் பாரு" என்று பக்கத்தில் நின்ற குழாயிடம் காட்டினாள். குழாய் என்பது வந்து இறங்குகிற வண்டிகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறவள். வண்டிக்குள் என்ன இருந்தாலும் முதலில் பார்க்கிறவள் அவள்தான், அதனாலோ என்னவோ வாயைத் திறக்கவே மாட்டாள். சீட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். தண்ணீரைத் திறக்கப் போய்விட்டாள்.

கண்ணியக்கா ஆள் கட்டத்தில் அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் "கண்ணியக்கா" என்று எழுதினாள். ஒரு கண்ணிக்கு அவள் ஒருத்தி போதும். சத்தம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் அண்ணி கேட்டார், "சீட்டு வந்துச்சா?"

"வந்துச்சு."

அது பொய்யில்லை. நாலு வந்திருக்கிறது. ஐந்தாவதைப் பற்றி அண்ணி கேட்கவும் இல்லை.

அவள் ஒரு கண்ணியை எடுத்துத் தட்டிப் பார்த்தாள், ணங்கென்றது. துடைத்தாள். இரண்டு பின்னுக்குக் கிரீஸ் பூசி, வண்டி எண்ணை எழுதிய அட்டையைக் கம்பியில் கட்டி மேஜையோரம் வைத்தாள். எட்டு நாள் அது அங்கேயே இருந்தது. நடுவில் வந்த செவ்வாய்க்கிழமை கட்டு வரவில்லை. ரயில் பாதையில் ஏதோ பழுது என்று தபால்காரர் சொன்னார். பாதைப் பழுது என்றால் யாருக்கும் வந்திருக்காது, அதனால் அதுவும் சரியாகத்தான் இருந்தது. அண்ணியிடம் அதையே சொன்னாள். அண்ணி இரண்டு முறை கேட்டுக்கொண்டார், "யாருக்குமே வரலியா?"

"யாருக்குமே வரல."

வண்டிகள் புதன்கிழமை மத்தியானம் வந்தன. ஐந்தையும் வரிசையாக இறக்கினார்கள். கழுவுமிடத்திலிருந்து தண்ணீர்ச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது வண்டியில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கண்ணியக்கா கண்ணியையும் பின்னையும் எடுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் இன்னும் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நினைத்தாள்.

வண்டியின் இடது பக்கம் சங்கிலியே இல்லை. சக்கரங்களில் மூன்றைக் காணோம். அடித்தளம் கீழேயிருந்து மேலே மடங்கி, வாய் திறந்திருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். மூக்குமேல் கோபம். "இது வெடி. வெடின்னுதானே எழுதணும்? சுவத்துல எழுதிப் போட்டவரே பக்கத்துல இருக்கார், அவர் கண்ணு முன்னாடியே கண்ணின்னு எழுதி அனுப்புறாங்க. அவர் எப்படிப் பார்த்துக்கிட்டு இருந்தார்? இப்படி ஒரு தப்பை அவர் விடவே மாட்டாரே" என்று குழாயிடம் பொரிந்து தள்ளினாள். சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசி வாக்கியத்தில் நின்றாள். இப்படி ஒரு தப்பை அவர் விடவே மாட்டார். அப்படியென்றால் அவர் பக்கத்தில் இல்லை. கண்ணி, கண்ணி இல்லை. ஆள் ஒன்று என்றால், வேலைக்கு வேண்டிய ஆள் இல்லை, போய்விட்ட ஆள்.

குழாய் வண்டிக்குள்ளிருந்து எடுத்து ஓரமாக வைத்திருந்ததை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். சின்னச் சுத்தியல். பிடியில் நீலக் கட்டம் போட்ட துணி. தண்ணீர் பட்டு நிறம் கொஞ்சம் கூடியிருந்தது. முடிச்சில் பல் பதிந்த இடம் அப்படியே இருந்தது.

அவள் ஒரு கையில் கண்ணியையும் ஒரு கையில் சுத்தியலையும் வைத்துக்கொண்டு நின்றாள். சுத்தியல் வலது கையில் இருந்தது, அதனால் அதைப் பிடித்திருக்கிறோமா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிடித்துத்தான் இருந்தாள்.

சத்தம் அலுவலக அறையிலிருந்து வந்தார். ரயிலோடு வந்த ராணுவக் காகிதம் அவர் கையில் இருந்தது. சங்கிலி கழன்று நின்ற வண்டி ஒன்றைச் சரிபண்ண ஃபிட்டர் போன வண்டி அது. மற்றவர்கள் காயத்தோடு தப்பிவிட்டார்கள். சத்தம் அவள் பக்கத்தில் வந்து, குனிந்து, தன்னால் முடிந்த மட்டும் மெதுவாகச் சொல்லப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம், முடியவில்லை.

"உன் வீட்டுக்காரர்தாம்மா!"

பட்டறை முழுக்கக் கேட்டது. எங்கேயோ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த கடைசல் மிஷின்கூட நின்றது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாவம், ஜென்மத்தில் ஒரு தடவை மெதுவாகப் பேச நினைத்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பசித்தது. அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். சாயங்காலம் வழக்கமான பஸ்ஸில்தான் போனாள், ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

"சீட்டு வந்துச்சா?"

எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்திருந்தாள். யோசித்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அண்ணி, போன தடவை அஞ்சு சீட்டு வந்துச்சு. நாலுதான் அவர் எழுதினது" என்றாள்.

அண்ணி வெளியே வந்து இவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். "என் தம்பி" என்று மட்டும் சொன்னார். இவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணி அழுதார், இவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வலது கையால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை என்று இடது கைக்கு மாற்றினாள். அண்ணியின் உடம்பு குலுங்குவது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வாரம் லீவு என்றார்கள். மூன்றாம் நாளே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த வண்டியை இனிச் சரிபண்ண முடியாது, நல்ல சாமான்களைக் கழற்றி எடுத்துவிட்டு உருக்கப் போட வேண்டியதுதான் என்று முடிவாகியிருந்தது. வலது பக்கச் சங்கிலி முழுசாக இருந்தது. நூற்று நாலு கண்ணி. சத்தம் வேறு ஆளைப் போடுகிறேன் என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவளே உட்கார்ந்து கழற்றினாள். நீலத்துணி சுற்றிய சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டினாள். தொண்ணூற்று எட்டு ணங்கென்றது. ஆறு டொக்கென்றது. ஆறையும் குப்பையில் போட்டாள், மற்றதை அலமாரியில் அடுக்கினாள். அடுத்த வாரம் வேறு நாலு வண்டிகளுக்கு அவை போய்ச் சேரும்.

எல்லாம் முடிந்தபின் சீட்டை மூட வேண்டும். சத்தம் அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆள் என்ற கட்டத்தில் ஒன்று, பக்கத்தில் அவளுடைய எழுத்தில் கண்ணியக்கா. அவருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இதைக் கிழிச்சுட்டு வேற சீட்டு போட்டுக்கலாம்மா" என்று கத்தினார்.

"வேணாம் சார். இருக்கட்டும். ஆள் ஒண்ணுதான், நான் எழுதினதும் ஒண்ணும் தப்பில்ல."

அவர் புரிந்தும் புரியாமலும் நின்றார். பிறகு, "நகல் அங்க போகுது. ஏதாவது எழுதணும்னா எழுது. யாருக்கு வேணும்னாலும். நான் படிக்கமாட்டேன்" என்றார்.

அவள் பென்சிலை எடுத்து, அது விரலுக்குள் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, குறிப்பு என்ற இடத்தில் எழுதினாள்.

"கண்ணி என்றால் சங்கிலி. வெடித்தால் வெடி என்று எழுதவும். ஆள் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுத வேண்டாம். அது இங்கே நிரப்புவது."